ஒரே மேப்பை ஆயிரம் முறை ஆட வைப்பது எது? ஐ.ஜி.ஐ முதல் பப்ஜி வரை... துப்பாக்கி கேம்களின் ‘ரீப்ளே’ கணக்கு

விழுப்புரம் பக்கம் பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் தெருக்கூத்து சீசன். திருவாமாத்தூரில் வளர்ந்த எனக்குச் சின்ன வயசிலேயே ஒரு சந்தேகம் உண்டு. துரியோதனன் சாகப்போகிறான், பாஞ்சாலி கூந்தலை முடியப்போகிறாள். இது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். போன வருஷமும் இதே கதையைத்தான் பார்த்தார்கள். அப்புறம் ஏன் விடிய விடிய கண் முழிச்சு உட்கார்ந்திருக்காங்க?

இப்போதெல்லாம் அதே கூத்துத் திடலின் ஓரத்தில் இன்னொரு கூட்டத்தையும் பார்க்கலாம். போனைப் படுக்கை வசத்தில் பிடித்துக்கொண்டு, நாலு பேராக ‘எரங்கெல்’ மேப்பில் குதித்துக்கொண்டிருக்கும் பசங்க. அந்த மேப்பில் எந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்பது வரை அவர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் இன்னிக்கும் அதே மேப்தான்.

இரண்டு கூட்டத்துக்கும் கேள்வி ஒண்ணுதான். தெரிஞ்ச ஒன்றை மறுபடி மறுபடி செய்ய வைப்பது எது?

இதைத் தெரிந்துகொள்வதில் நமக்கு லாபமும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேம் ஒரே நாளில் முடிந்துவிட்டால் பணம் போச்சு என்று தோன்றும். இலவசமாகக் கிடைத்த கேம் முடியவே இல்லை என்றால் நேரம் போகும், சில வீடுகளில் பணமும் சேர்ந்தே போகும். ஆகவே, துப்பாக்கி கேம்களை ‘திரும்ப ஆட’ வைக்கும் விஷயங்கள் என்னென்ன? விரிவாகப் பார்ப்போம்.

முதலில் மூணு வார்த்தை

எஃப்.பி.எஸ்: ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ என்பதன் சுருக்கம். கதாபாத்திரத்தின் கண் வழியாகவே நாம் பார்ப்போம். திரையில் தெரிவது கையும் துப்பாக்கியும் மட்டும்தான். 1992-ல் வந்த ‘வுல்ஃபென்ஸ்டீன் 3டி’, 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ ஆகிய இரண்டும்தான் இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவை. பப்ஜி, பி.ஜி.எம்.ஐ போன்றவற்றைப் பெரும்பாலானவர்கள் முதுகுக்குப் பின்னால் கேமரா இருக்கும் முறையில் ஆடுகிறார்கள். ஆனால் கண் வழி பார்க்கும் முறையும் அவற்றில் உண்டு. நம்ம கேள்விக்கு இரண்டும் ஒரே குடும்பம்தான்.

லீனியர்: நேர்கோட்டில் போகும் ஆட்டம். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று வரிசை மாறாது. போகவேண்டிய வழி ஒன்றுதான். நடக்கவேண்டிய சம்பவங்களும் எழுதி வைத்தபடியே நடக்கும்.

ரீப்ளே வேல்யூ: ஒருமுறை ஆடி முடித்த பிறகு மறுபடி ஆடத் தோன்றுமா என்பதற்கான மதிப்பு.

பொதுவாக எல்லாரும் சொல்லும் கணக்கு இதுதான்: லீனியர் கேம் என்றால் ஒரு தடவை, திறந்த மேப் என்றால் பல தடவை. கேட்க சரியாகத்தான் இருக்கும். ஆனால் நம்ம ஊர் அனுபவமே இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

விலையில்லா லேப்டாப்பில் ஓடிய ஐ.ஜி.ஐ

2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் வீடுகளுக்கு லேப்டாப் வந்தது. பல கிராமங்களில் அந்த வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். பாடத்துக்காகக் கொடுத்த லேப்டாப்பில் பென் டிரைவ் வழியாக இன்னொன்றும் ஏறியது. கிராஃபிக்ஸ் கார்டு கேட்காத பழைய கேம்கள்!

அதில் முக்கியமானது ‘புராஜெக்ட் ஐ.ஜி.ஐ’. நார்வேயைச் சேர்ந்த இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2000-ம் ஆண்டு இறுதியில் வெளியான எஃப்.பி.எஸ். மற்ற நாடுகள் மறந்துபோன பிறகும் இந்தியாவில் பல வருஷம் உயிரோடு இருந்த கேம். ‘ஐ.ஜி.ஐ விளையாடியிருக்கியா?’ என்று கேட்டால் இன்றைக்கு முப்பதைத் தொட்ட அண்ணன்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

இதன் கட்டமைப்பைப் பார்த்தால் மொத்தம் 14 மிஷன்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. எதிரிகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்பார்கள், அதே பாதையில் ரோந்து போவார்கள். பல பேர் சேர்ந்து ஆடும் வசதி கிடையாது. மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் ஒரே தடவையில் அலமாரிக்குப் போயிருக்க வேண்டிய கேம் இது.

போகவில்லை. காரணங்கள் மூன்று.

ஒன்று, மிஷனுக்கு நடுவில் சேவ் பண்ண முடியாது. அரை மணி நேரம் ஊர்ந்து போய் கடைசியில் ஒரு குண்டில் செத்தால், மறுபடி முதலிலிருந்துதான். விருப்பமோ இல்லையோ, திரும்ப ஆடியே ஆகவேண்டும்.

இரண்டு, மிஷன் வரிசை நேர்கோடு என்றாலும் ஒவ்வொரு மிஷனும் ஒரு திறந்தவெளி. வேலியை எங்கே தாண்டுவது, எந்தக் கோபுரத்தில் ஏறுவது, எந்தப் பக்கமாக நுழைவது என்பது ஆடுபவர் முடிவு.

மூன்று, அலாரம். கேமராவில் பட்டாலோ, ஒரு காவலாளி பொத்தானை அழுத்தினாலோ சைரன் அலறும். படை வீட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நீங்கள் போட்ட திட்டம் மொத்தமும் அந்த நொடியில் காலி. அதுக்கப்புறம் நடக்கிறதை யாரும் எழுதி வைக்கவில்லை.

2003-ல் வந்த அடுத்த பாகத்தில், நடுவில் சேவ் பண்ணும் வசதி கொடுத்தார்கள். ஆனால் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்தது. முதல் பாகத்தின் அந்தக் கண்டிப்பு எவ்வளவு பேரைப் படுத்தியிருக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அதே கண்டிப்புதான் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பயத்தைக் கொடுத்தது என்பதும் உண்மை.

ஆக, ‘வரிசை மாறாது’ என்பது வேறு, ‘என்ன நடக்கும்னு தெரியும்’ என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

கண்ணுக்குத் தெரியாத கோடு

எதிர்ப்பக்க உதாரணம், ஆரம்பகால ‘கால் ஆஃப் டூட்டி’ கேம்கள். முதல் தடவை ஆடும்போது சினிமா மாதிரி இருக்கும். நம்ம பக்கம் வீரர்கள் கத்துவார்கள், மேலே ஹெலிகாப்டர் போகும், பக்கத்தில் சுவர் இடிந்து விழும். போர்க்களத்துக்கு நடுவில் நிற்பது போன்ற பிரமிப்பு.

இரண்டாவது தடவை ஆடினால் ஒரு விஷயம் கண்ணில் படும். சில இடங்களில் நீங்கள் எத்தனை எதிரிகளைச் சுட்டாலும் அவர்கள் தீரமாட்டார்கள். கொஞ்சம் முன்னால் ஓடி, தரையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டினால் சட்டென்று நின்றுவிடும். அதாவது சண்டையின் முடிவை உங்கள் குறி தீர்மானிக்கவில்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தீர்மானித்தது. சுவரும் நீங்கள் அந்த இடத்துக்கு வந்தால்தான் இடியும்.

மந்திரவாதி கையில் சீட்டை மறைக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த தடவை கண் அங்கேதான் போகும். அதே மாதிரிதான் இதுவும். அந்த கேம் மோசமானது என்று அர்த்தமில்லை. 2007-ல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’ கதையை இன்றைக்கும் சிலாகிப்பவர்கள் ஏராளம். ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும் கதை அது. ஆனால் அதே கேமை வருஷக்கணக்கில் ஆடவைத்தது அந்தக் கதை கிடையாது, அதோடு வந்த மல்டிபிளேயர்தான்.

லீனியர் என்றாலே குறையா?

கிடையாது. 1998 நவம்பரில் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ கிட்டத்தட்ட முழுக்க நேர்கோடு. ஆனால் கேமராவை உங்களிடமிருந்து பிடுங்கித் தனியாக சினிமாக் காட்சி எதுவும் காட்டாது. கதை முழுவதும் கார்டன் ஃப்ரீமேன் என்ற விஞ்ஞானியின் கண் வழியாகவே நடக்கும். எந்த நிமிஷத்தில் பயம், எந்த நிமிஷத்தில் ஓய்வு என்பதை அளந்து வைக்க, வழி ஒன்றாக இருந்தால்தான் முடியும். ஆடுபவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால் அந்த அளவு கைநழுவிவிடும்.

நல்ல லீனியர் கேமை மறுபடி ஆடுவது, பிடித்த படத்தை மறுபடி பார்ப்பது மாதிரி. ஆச்சரியம் இருக்காது, ஆனால் முதல் தடவை கவனிக்காத விஷயங்கள் கண்ணில் படும். இன்னும் சிலர் அதே லெவலை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று ஓடுவார்கள். ‘ஸ்பீட் ரன்’ என்ற இந்தப் பழக்கம் டூம் காலத்திலேயே தொடங்கியது. எல்லாம் மனப்பாடம் ஆன பிறகு, ஒவ்வொரு நொடியைக் குறைப்பதே ஆட்டம் ஆகிவிடுகிறது.

பாதை ஒண்ணு, சண்டை வேற வேற

நேர்கோட்டுப் பாதையிலேயே எதிர்பாராத சண்டையைக் கொண்டுவர முடியுமா? மூன்று கேம்கள் முடியும் என்று காட்டின.

ஹேலோ (2001): இதில் எதிரிகளுக்குள் படிநிலை உண்டு. பெரிய எதிரியை முதலில் வீழ்த்தினால், அவன் பின்னால் வந்த சின்ன எதிரிகள் பயந்து சிதறி ஓடுவார்கள். யாரை முதலில் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே சண்டை வேறு மாதிரி போகும்.

ஃபியர் (2005): பெரும்பாலும் ஆபீஸ் அறைகளும் நடைபாதைகளும்தான். ஆனால் எதிரிகளுக்கு ‘இப்படி நட, இங்கே நில்’ என்று வரி வரியாக எழுதித் தரவில்லை. ஒரு இலக்கையும், செய்யக்கூடிய செயல்களின் பட்டியலையும் கொடுத்தார்கள். சூழ்நிலைக்கு ஏற்ப எதை அடுத்து செய்வது என்பதை நிரலே அந்த இடத்தில் கோத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு மேஜைக்குப் பின்னால் பதுங்கினால், சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒருவன் வருவான். அதே அறையில் அடுத்த தடவை வேறு வழியில் வருவான்.

லெஃப்ட் 4 டெட் (2008): நாலு பேர் சேர்ந்து ஆடும் ஜாம்பி கேம். கிளம்பும் இடமும் சேரும் இடமும் எப்போதும் ஒன்றுதான். ஆனால் ‘டைரக்டர்’ என்று ஒரு நிரல் பின்னால் உட்கார்ந்திருக்கும். நீங்கள் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறீர்கள், எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறீர்கள் என்று கணக்கெடுத்து, கூட்டத்தை எப்போது அவிழ்த்துவிடுவது, எப்போது மூச்சுவிட விடுவது, மருந்துப் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்.

கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். கதை வரிசை மாறாது. வில் வளைப்பு, பகடை துகில், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று அது பாட்டுக்குப் போகும். ஆனால் கூட்டம் தூங்குகிறதா, சிரிக்கிறதா என்று பார்த்து, அன்றைய ஊர் சமாச்சாரத்தை இழுத்துவிட்டு எழுப்புவது கட்டியங்காரன். அவர் போன வருஷம் பேசினதை இந்த வருஷம் பேசமாட்டார். கதைக்காக வந்தவர்களை விடிய விடிய உட்கார வைப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

டூமின் 256 எண்கள்

கம்ப்யூட்டரில் ‘எதிர்பாராதது’ என்று நாம் நினைப்பது பல நேரம் உண்மையில் அப்படி இருப்பதில்லை. டூம் இதற்கு நல்ல உதாரணம்.

அந்த கேமில் ஒரு அடி எவ்வளவு பலமாக விழும், ஒரு பூதம் எப்போது பாயும் என்பதையெல்லாம் முடிவு செய்ய, முன்கூட்டியே எழுதி வைத்த 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. தேவைப்படும்போதெல்லாம் பட்டியலில் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. புது ஆட்டம் தொடங்கும்போதும் முதல் எண்ணிலிருந்துதான் கிளம்பும். அதாவது நீங்கள் ஒரு நொடி பிசகாமல் அதே பட்டன்களை அதே நேரத்தில் அழுத்தினால், ஆட்டமும் அச்சு மாறாமல் அப்படியே நடக்கும். டூமில் பதிவு செய்த ஆட்டங்களில் வீடியோவே கிடையாது. எப்போது எந்தப் பட்டன் என்ற குறிப்பு மட்டும்தான். அதை வைத்தே முழு ஆட்டத்தையும் கேம் மறுபடி நடத்திக் காட்டும்.

அப்படியானால் ஏன் ஒவ்வொரு முறையும் புதுசாகத் தெரிந்தது? ஏனென்றால் மனிதக் கை ஒரே மாதிரி இரண்டு தடவை அசைவதில்லை. அரை நொடி முன்னே பின்னே போனாலே பட்டியல் வேறு இடத்தில் நிற்கும். எதிர்பாராத்தன்மையைக் கொண்டுவந்தது அந்தப் பட்டியலோடு சேர்ந்து நம்ம கையும்தான்.

எதிரே மனுஷன் உட்கார்ந்திருந்தால்...

மேலே பார்த்த எல்லாவற்றையும் விட மலிவான, தீராத எதிர்பாராத்தன்மை ஒன்று இருக்கிறது. அது இன்னொரு மனிதர்.

மின் லே, ஜெஸ் க்ளிஃப் என்ற இரண்டு பேர் 1999-ல் ஹாஃப்-லைஃப் கேமை மாற்றியமைத்து ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ என்று வெளியிட்டார்கள். ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு 2000 நவம்பரில் அதைத் தனி கேமாகக் கொண்டுவந்தது. கதை கிடையாது. ஒரு பக்கம் குண்டு வைக்கணும், இன்னொரு பக்கம் தடுக்கணும். அவ்வளவுதான்.

2001-ல் டேவிட் ஜான்ஸ்டன் வடிவமைத்த ‘டஸ்ட் 2’ மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு வைக்க இரண்டு இடம், போக நாலைந்து வழி. சின்ன மேப். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் லேன் ஒயரில் இணைந்து ஆடிய தலைமுறையும் இதைத்தான் ஆடியது, விலையில்லா லேப்டாப் தலைமுறையும் இதைத்தான் ஆடியது. 2023 செப்டம்பரில் வந்த ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’-லும் இதே மேப் இருக்கிறது.

ஏன் சலிக்கவில்லை? போன ரவுண்டில் நீங்கள் நீளமான வழியில் வந்ததை எதிரி பார்த்துவிட்டான். இந்த ரவுண்டில் அவன் அங்கே காத்திருப்பான். அவன் காத்திருப்பான் என்று உங்களுக்கும் தெரியும். அப்படியானால் சுரங்க வழியில் போகலாமா? அவனும் அதையே யோசித்திருந்தால்? மேப்பில் ஒரு கல் கூட மாறவில்லை. மாறியது எதிரே இருப்பவர் மனசு.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இங்கே இரட்டைப் புலவர்கள் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. எங்க ஊர் மேல் ‘திருவாமாத்தூர்க் கலம்பகம்’ பாடியவர்கள் அவர்கள். ஒருத்தருக்குக் கண் தெரியாது, இன்னொருத்தருக்கு நடக்க முடியாது. ஒருவர் வெண்பாவின் முதல் பாதியைத் தொடங்கினால் மற்றவர் மீதியை முடிப்பார் என்று சொல்வார்கள். வெண்பா இலக்கணம் எவ்வளவு கறாரானது என்று தெரியும். சீர், தளை எதுவும் அசையாது. அந்தக் கட்டுக்குள்ளும் முதல் பாதியைக் கொடுத்தவருக்கு இரண்டாம் பாதி என்ன வரும் என்று தெரியாது. விதி கெட்டியாக இருக்கிறது, மனிதர் மாறுகிறார். டஸ்ட் 2-ன் ரகசியமும் இதுதான்.

பகடை எப்போது உருளுது?

மூன்றாவது வகை, குலுக்கல். 2017-ல் கம்ப்யூட்டருக்கும் 2018-ல் மொபைலுக்கும் வந்த பப்ஜி இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் எரங்கெல் தீவு, 100 பேர். விமானம் எந்தக் கோட்டில் பறக்கும், எந்த வீட்டில் என்ன துப்பாக்கி கிடக்கும், வட்டம் எங்கே சுருங்கும் என எல்லாமே ஒவ்வொரு மேட்ச்சிலும் குலுக்கல்.

குலுக்கலிலும் நல்லது கெட்டது உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: பகடை உருளுவது நான் முடிவெடுக்கும் முன்னாடியா, அப்புறமா?

வட்டம் எங்கே சுருங்கும் என்பது அதிர்ஷ்டம்தான். ஆனால் மேப்பில் காட்டிவிட்டு, அங்கே போக நேரமும் கொடுக்கிறார்கள். வண்டியை எடுப்பதா, மலையைச் சுற்றுவதா, பாலத்தைத் தாண்டுவதா என்பது உங்கள் கையில். பகடை முதலில், முடிவு பிறகு. இதில் தோற்றால் ‘நான் லேட்டா கிளம்பிட்டேன்’ என்று தோன்றும். அடுத்த மேட்ச்சில் திருத்திக்கொள்ளலாம் என்ற ஆசையும் வரும்.

இதற்கு நேர்மாறாக, சரியாகக் குறி வைத்துச் சுட்ட பிறகு குண்டு எங்கே போகும் என்பதை கேம் குலுக்கிப் பார்த்தால்? முடிவு முதலில், பகடை பிறகு. இதில் தோற்றால் ஏமாற்றப்பட்ட உணர்வுதான் மிஞ்சும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் துப்பாக்கி தொடர்ந்து சுடும்போது மேலெழும்பும் விதத்துக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. சுவரில் சுட்டுச் சுட்டுப் பழகினால் அதைக் கட்டுப்படுத்தலாம். கொஞ்சம் சிதறல் இருந்தாலும், பெரும்பகுதி கற்றுக்கொள்ளக்கூடியதாக இருப்பதால்தான் ஆட்கள் வருஷக்கணக்கில் பழகுகிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நம்மைத் திரும்ப வரவைப்பது வெறும் ஆச்சரியம் இல்லை. ‘நான் வேற மாதிரி செய்திருந்தால் வேற மாதிரி நடந்திருக்கும்’ என்ற நம்பிக்கை. அது உண்மையாக இருக்கும் கேமுக்கு ரீப்ளே வேல்யூ உண்டு.

சாவி யார் கையில்?

இப்போது கசப்பான பக்கம். மனிதர்களை நம்பி நடக்கும் கேமுக்கு சர்வர் வேண்டும். சர்வர் நம்மிடம் இல்லை.

2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் இருந்தது. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சேவை மொத்தமாக நின்றது. கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலை 2-ல் பி.ஜி.எம்.ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கான கேமைக் கொண்டுவந்தது. 2022 ஜூலை 28-ல் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் நிபந்தனைகளுடன் திரும்பியது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

பாதுகாப்புக் காரணங்களுக்கான தடை சரியா தவறா என்பது தனி விவாதம். ஆடுபவர் பக்கமிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவு. ஆயிரம் மணி நேரம் ஆடிய மேப்பை ஒரே நாளில் திறக்க முடியாமல் போகலாம். தடைதான் வேண்டும் என்பதில்லை. சோனி நிறுவனம் 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியிட்ட ‘கான்கார்ட்’ என்ற எஃப்.பி.எஸ், போதிய ஆட்கள் வராததால் செப்டம்பர் 6-ம் தேதியே மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, கேம் கிடைக்கவில்லை.

ஆனால் யாரோ ஒருவரின் பழைய விலையில்லா லேப்டாப்பில் ஐ.ஜி.ஐ இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ரீப்ளே வேல்யூ என்று பேசும்போது ‘மறுபடி ஆடத் தோணுமா’ என்பதோடு ‘மறுபடி ஆட முடியுமா’ என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆடுறோமா, ஆட வைக்கிறாங்களா?

கடைசியாக, பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. ‘புள்ள போனைக் கீழ வைக்கவே மாட்டேங்குது, இது விளையாட்டா, அடிமைத்தனமா?’

எதிர்பாராத்தன்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் உயிரினங்கள் விடாமல் முயற்சி செய்கின்றன என்பதை, உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். சூதாட்ட இயந்திரங்கள் இயங்கும் விதமும் இதுதான். கேம்களில் இருக்கும் ‘கிரேட்’, ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் குலுக்கல் பெட்டிகளும் இதே விதத்தில்தான் இயங்குகின்றன.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 2013-ல் ஆயுதப் பெட்டிகள் வந்தன. பி.ஜி.எம்.ஐ-யில் ‘யூசி’ கொடுத்துப் பெட்டி திறக்கலாம். உள்ளே பெரும்பாலும் சட்டை, துப்பாக்கிக்கு மேல் பூச்சு மாதிரியான தோற்றப் பொருட்கள்தான். என்ன வரும் என்று திறந்தால்தான் தெரியும். பெல்ஜியம் 2018-லேயே சில கேம்களின் இப்படிப்பட்ட பெட்டிகள் தங்கள் நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்தது, இ-ஸ்போர்ட்ஸைத் தனி வகையாக அங்கீகரித்தது. பி.ஜி.எம்.ஐ 2023-ல் திரும்பியபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது.

கூத்து பார்ப்பவர்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பகடை துகில். தருமன் தோற்றதற்குக் காரணம் அவனுக்கு ஆடத் தெரியாதது மட்டும் இல்லை. பகடை சகுனி கையில் இருந்தது. ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று தருமனை உட்கார வைத்ததும் அந்தப் பகடைதான்.

வட்டம் சுருங்குவதும் குலுக்கல், பெட்டி திறப்பதும் குலுக்கல். ஆனால் முதலாவதில் நீங்கள் யோசித்து ஜெயிக்கலாம். இரண்டாவதில் யோசிக்க ஒன்றுமில்லை, இன்னொரு பெட்டி வாங்கலாம், அவ்வளவுதான்.

டவுன்லோட் பண்ணும் முன் நாலு கேள்வி

1. இந்த கேமில் தோற்றால் காரணம் எனக்குப் புரிகிறதா? ‘அடுத்த தடவை இப்படிச் செய்யலாம்’ என்று தோன்றினால் அது நல்ல ரீப்ளே.

2. ஆச்சரியம் எங்கிருந்து வருகிறது? எதிரியின் புத்தியிலிருந்தா, கூட ஆடும் மனிதரிடமிருந்தா, பெட்டிக் குலுக்கலிலிருந்தா?

3. பரிசு, ரேங்க், தினசரி டாஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இதை மறுபடி ஆடுவேனா? ‘இன்னிக்கு லாகின் பண்ணலைன்னா பாயின்ட் போயிடும்’ என்பதற்காக மட்டும் திறந்தால், நீங்கள் ஆடவில்லை, ஆட்டி வைக்கிறார்கள்.

4. இன்டர்நெட் இல்லாமல், கம்பெனி இல்லாமல், பத்து வருஷம் கழித்து இது ஓடுமா? ஓடாது என்றால் அதில் போடும் காசு வாடகைதான். வாங்கியதாக நினைக்க வேண்டாம்.

நேர்கோட்டு கேம் ஆறு மணி நேரத்தில் முடிந்தால் அது குறையில்லை. முடிகிற ஆட்டத்துக்கு ஒரு மரியாதை உண்டு. முடியாத ஆட்டத்தில்தான் யார் பகடையை வைத்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

கூத்துத் திடலில் விடியற்காலையில் படுகளம் முடிந்து, மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஜனம் கலையும். அடுத்த வருஷமும் அவன் சாவான் என்று தெரிந்தே எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வருஷம்தான் மறுபடி வருவார்கள். போனை வைத்திருக்கும் நம்ம பசங்களும் ஒரு மேட்ச் முடிந்து அப்படி எழுந்து போக முடிகிறதா என்பதுதான், அவர்கள் ஆடும் கேமைப் பற்றி வீட்டில் கேட்கவேண்டிய முதல் கேள்வி.